ஏற்கத்தக்க அரிப்பு எவருக்கு?

அரசாங்க அறிக்கைகளில் வரும் சில சொற்களை நாம் படித்துவிட்டுக் கடந்துபோய் விடுகிறோம். அவை நம்மைப் பற்றியவை என்றுகூட அப்போது தோன்றுவதில்லை. அத்தகைய சொல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு அதனோடு வழக்காடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1980-களின் நடுவில் மலேசியா தன் கடற்கரையை அளந்து பார்த்தது. தேசியக் கடலரிப்பு ஆய்வு என்பது அம்முயற்சியின் பெயர். நாட்டின் கடற்கரை 4,800 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்றும், அதில் ஏறத்தாழ 29 விழுக்காடு அரிக்கப்பட்டு வருகிறது என்றும் ஆய்வு கூறிற்று. அரிக்கப்படும் கரைகளை மூன்று வகையாகப் பிரித்தனர். சாலையோ கட்டடமோ உடனே இடிந்து விழக்கூடும் என்னும் நிலையில் உள்ளவை முதல் வகை. அது நெருக்கடியான அரிப்பு. ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்குள் பொதுச்சொத்தும் மதிப்புள்ள விளைநிலமும் ஆபத்துக்குள்ளாகும் என்னும் கரைகள் இரண்டாம் வகை. அது குறிப்பிடத்தக்க அரிப்பு. மேம்பாடு காணாத கரை, அரித்தாலும் பெரிய இழப்பில்லை என்று கருதப்பட்டவை மூன்றாம் வகை. அதற்கு இட்ட பெயர்தான் 'ஏற்கத்தக்க அரிப்பு'.

வகைப்படுத்திய பொறியாளர்களைப் பழிப்பது என் கருத்தன்று. கரை நீளம், கையிருப்போ குறைவு. எதை முதலில் காப்பது என்று வரிசைப்படுத்தாமல் எவராலும் வேலை தொடங்க முடியாது. அந்த ஆய்வின் பயனாகவே 1987-இல் வடிகால், நீர்ப்பாசன இலாகாவில் கடற்கரைப் பொறியியலுக்கென்று தனிப் பிரிவு தோன்றியது. நன்றி பாராட்ட வேண்டிய செயல் அது. ஆயினும் வரிசைக்காகப் பிறந்த சொல், நாளடைவில் தீர்ப்பாக மாறிவிடுகிறது. 'பின்னர்ப் பார்ப்போம்' என்று பொருள்பட வேண்டிய இடத்தில் 'போனால் போகட்டும்' என்று பொருள்படத் தொடங்குகிறது. எனவே கேட்கிறேன்: ஏற்கத்தக்கது என்றால், ஏற்றுக்கொண்டவர் யார்? அந்தக் கரையில் குடியிருப்பவரிடம் எவரேனும் சென்று கேட்டனரா?

மேம்பாடு காணாத கரை என்றவுடன் ஆளில்லாத கரை என்று எண்ணிவிட வேண்டா. வலை உலர்த்தும் மலாய் மீனவர் அங்கே இருக்கிறார். சேற்றில் பலகை தள்ளிச் சிப்பி பொறுக்கும் சீனக் குடும்பம் அங்கே இருக்கிறது. கேரித் தீவைப் போன்ற இடங்களில் மா மெரி பழங்குடியினர் இருக்கின்றனர். தோட்டம் கைம்மாறிய பின்னும் வேறிடம் போக வழியின்றித் தங்கிவிட்ட நம்மவரும் இருக்கின்றனர். இவர்களிடம் மாடிக் கட்டடம் இல்லை. ஆகவே இழப்பும் இல்லை என்பது எந்த ஊர்க் கணக்கு?

மற்றொரு கணக்கையும் பாருங்கள். 2015-ஆம் ஆண்டின் ஆய்வு, அரிப்பு 15 விழுக்காடு என்று காட்டியது. 29 எங்கே, 15 எங்கே! பாதியாகக் குறைந்துவிட்டதே என்று மகிழத் தோன்றும். ஆனால் இம்முறை அளந்த கரையின் நீளம் 8,800 கிலோமீட்டருக்கும் மேல். அரிக்கப்படும் நீளமோ ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர். முந்தைய ஆய்வின் 29 விழுக்காட்டைக் கிலோமீட்டராக்கினால் 1,400-ஐ ஒட்டி வருகிறது. அளந்த முறையும் பரப்பும் வேறு வேறாதலால் இரண்டையும் அப்படியே ஒப்பிடுதல் முறையன்று. அதே காரணத்தால் 'பாதியாகக் குறைந்தது' என்று பறைசாற்றுவதும் முறையன்று. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் எத்தனையோ கோடி செலவாயிற்று. கரையின் நோய் தீர்ந்துவிட்டதாக எவரும் சொல்ல முடியாது.

ஏன் தீரவில்லை? பணம் போதாமையால் என்பர் ஒரு சாரார். பணம் போன வழி தவறு என்பது என் வாதம்.

நண்டு வளை

கீழ்ப்பேராக்கின் கடலோரத் தென்னந்தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். தோட்டத்தின் மேற்கெல்லையில் களிமண்ணை வெட்டி எழுப்பிய நீண்ட அணை ஒன்று இருந்தது. எங்கள் மக்கள் அதைக் 'கரை' என்று மட்டுமே சொல்வார்கள். அதற்கப்பால் கண்டற்காடு, மலாயில் பாக்காவ் என்பது அதுதான். காட்டுக்கப்பால் சேறு; சேற்றுக்கும் அப்பால்தான் கடல். அணைக்கு இப்பால் இருந்த நிலமோ, உவா நாள்களின் ஓதமட்டத்தைவிடத் தாழ்வானது. வடிகால் வெட்டி நீரை இறக்கிய நிலம் ஆண்டுகள் செல்லச் செல்ல அமிழும் இயல்புடையது. மேற்குக் கரையின் பெருந்தோட்டங்கள் பல இவ்வாறு கடல்மட்டத்தோடு பந்தயம் கட்டிக்கொண்டு வாழ்ந்தவையே. வற்றத்தில் திறந்து ஏற்றத்தில் மூடும் மதகுகளும் அந்த மண்ணணையுமே அவற்றின் உயிர்.

என் தந்தையார் கரை வேலைக்காரர். 1960-களில் அவரோடு ஐந்து பேர் அவ்வேலையில் இருந்தனர். பெரிய ஓதம் வந்து வடிந்த மறுநாள் காலையில் அவர்கள் தோளில் சங்கோலைச் சார்த்திக்கொண்டு அணையின் மேல் வரிசையாக நடப்பார்கள். நண்டு வளைகளைத் தேடிக் களிமண்ணை அடைத்து மிதித்துக் கெட்டியாக்குவார்கள். பிளவு கண்ட இடத்தில் புல்கரண் பதிப்பார்கள். மதகின் கதவில் சிக்கிய மட்டையை அகற்றுவார்கள். இவ்வளவுதான் வேலை. "வளை சின்னதா இருக்கும்போதே அடைச்சிடணும். தண்ணி ஏறுனப்புறம் அடைக்க மனுஷனால ஆகாது" என்பார் தந்தையார். படிப்பறியாத அவர் சொன்னதைவிடச் சிறந்த பொறியியல் விதியை இன்றளவும் நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

பின்னர்த் தோட்டம் கைம்மாறியது. தென்னை போய்ச் செம்பனை வந்தது. கரை வேலைக்கு ஆள் வேண்டா என்று கணக்கிட்டனர்; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இயந்திரத்தோடு வரும் குத்தகையாளர் போதும் என்றனர். அணைக்கு முன்னிருந்த கண்டற்காட்டின் ஒரு பகுதி இறால் குளங்களுக்காக வெட்டப்பட்டது. 1990-களில் ஒரு பெரிய ஓதத்தின்போது, காடு இல்லாத அந்த இடத்திலேயே அணை உடைந்தது. உப்புநீர் மூன்று நாள் லயத்து வாசலில் நின்றது. கிணறு கெட்டது; வாழையும் கொய்யாவும் கருகின. அதன் பிறகே லாரி லாரியாகக் கற்கள் வந்து இறங்கின. முதுமையில் இருந்த தந்தையார் அக்கற்குவியலைப் பார்த்துவிட்டு, "இந்தக் கல்லு விலைக்கு எங்க அஞ்சு பேருக்கு எத்தனை வருஷம் சம்பளம் போட்டிருக்கலாம்?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கல் கொட்டுவோர்

கடலைத் தடுக்க வேண்டுமானால் கல்லைக் கொட்டு, சுவரை எழுப்பு என்பது பலருக்கு ஐயமற்ற உண்மை. கண்ணுக்குத் தெரியும் வேலை. திறப்பு விழாவுக்கு ஏற்ற வேலை. குத்தகைக்கும் ஏற்ற வேலை. ஆனால் அலை எவ்வாறு செயற்படுகிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

சரிவான மணற்கரையில் ஏறும் அலை உடைகிறது, மணலில் உரசுகிறது, மணலுக்குள் இறங்குகிறது, வலிமையிழந்து திரும்புகிறது. செங்குத்தான சுவரில் மோதும் அலைக்கு அவ்வழிகள் இல்லை. மோதிய வலிமையின் பெரும்பகுதியோடு அது திரும்புகிறது. திரும்பும்போது சுவரின் அடியில் உள்ள மணலைப் பறிக்கிறது. சுவருக்கு முன்னால் கரை ஆழமாகிறது. ஆழமான நீரில் இன்னும் பெரிய அலை வந்து மோதுகிறது. அடி பெயர்ந்த கல் சரிகிறது. அதனினும் பெரிய கல் தேவைப்படுகிறது. சுவர் முடியும் இடத்தில் அடுத்த ஊரின் கரை அரிக்கிறது. அவ்வூரார் தமக்கும் சுவர் வேண்டும் என்று கேட்கின்றனர். இவ்வாறு ஒரு சுவர் மற்றொரு சுவரைப் பெறுகிறது. சுவருக்குப் பின்னால் சாலை பிழைக்கலாம். சுவருக்கு முன்னால் கடற்கரை என்ற ஒன்று எஞ்சுவதில்லை.

மணல் ஓரிடத்தில் நிற்பதன்று. அலையின் சாய்வுக்கேற்பக் கரையோரமாக ஓடிக்கொண்டே இருப்பது. அவ்வோட்டத்தை மறித்தால் ஒரு பக்கம் கொழுக்கும், மறுபக்கம் மெலியும். இப்பாடத்தைத் தமிழர் ஒன்றரை நூற்றாண்டாகக் கண்முன் காண்கின்றனர். 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் வேலை தொடங்கிய பின், அதற்குத் தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரத்துக் கரையைக் கடல் தின்றது. மெரினாவில் காற்று வாங்கியவர்க்குத் தெரியாது, அவர்கள் காலடி மணல் வடசென்னை மீனவரின் வாசலிலிருந்து தடுக்கப்பட்டது என்று.

அதே பாடத்தை நாம் கோலத் திரெங்கானுவில் மறுபடியும் கற்றோம். அங்குள்ள விமான நிலையத்தின் ஓடுபாதை 2000-களில் கடலுக்குள் நீட்டப்பட்டது. வடகிழக்குப் பருவக்காற்றின் அலைகள் கொண்டுசெல்லும் மணல் தடைப்பட்டது. அதற்கு வடமேற்கே தோக் ஜெம்பால் பகுதியில் கடை இருந்த இடமும் சாலை இருந்த இடமும் கடலாயின. பிறகு அங்கே கற்சுவர்களும் அலைதடுப்புகளும் வந்தன. முதலில் மணலின் வழியை மறித்தோம். பின்னர் மணல் இல்லையே என்று கல்லைக் கொட்டினோம். இரண்டுக்கும் பணம் கொடுத்தவர் பொதுமக்களே.

கல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. துறைமுகத்துக்கும் நெருக்கமான நகரத்துக்கும் கல் தேவைப்படலாம். கல்தான் காப்பு என்ற மூடநம்பிக்கையையே மறுக்கிறேன்.

அகலமே அரண்

கரையைக் காப்பது அகலம். மணற்கரையாயின் மணலின் அகலம். சேற்றுக்கரையாயின் சேற்றின் அகலமும் கண்டற்காட்டின் அகலமும். 100 மீட்டர் அகலமுள்ள கண்டற்காடு, அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கும் என்று பல நாட்டு அளவீடுகளைத் தொகுத்தவர்கள் கூறுகின்றனர். 13-க்கும் 66-க்கும் உள்ள இடைவெளியே ஒரு செய்தி: வேரும் கிளையும் செறிந்த முதிர்ந்த காடு வேறு, நேற்று நட்ட குச்சிகள் வேறு.

'மரத்தைக் கொண்டு கடலைத் தடுக்கவா?' என்று நகைப்போர் உண்டு. மரம் தனித்து நிற்க வேண்டும் என்று எவர் சொன்னார்? அணையும் இருக்கட்டும்; அதன் முன்னே காடும் இருக்கட்டும். காடு அலையைத் தளர்த்தினால் அணைக்குக் கற்கவசம் தேவையில்லை. களிமண்ணும் புல்லும் போதும். வியட்நாமின் வடக்குக் கரையில் செஞ்சிலுவைச் சங்கத்தார் 1994 முதல் ஏறத்தாழ 12,000 எக்டரில் கண்டல் நட்டனர். அதற்குச் செலவு 11 இலட்சம் அமெரிக்க டாலர். கடலணைப் பராமரிப்பில் மிச்சமானது ஆண்டுக்கு 73 இலட்சம் டாலர் என்று அச்சங்கத்தார் கணக்குக் காட்டினர். ஏழை நாடொன்று கண்ட வழி இது. வருமானத்தில் அதனினும் மேம்பட்ட நாம் ஏன் காணவில்லை?

நம் நாட்டிலேயே முன்மாதிரி இல்லாமற் போகவில்லை. பேராக்கின் மாத்தாங் கண்டற்காடு ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புடையது; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் முறைப்படி நிருவகிக்கப்பட்டு வருகிறது. மரத்தை வெட்டிக் கரி சுடுகின்றனர். வெட்டிய இடத்தில் மீண்டும் வளர்க்கின்றனர். கடலோரப் பட்டையை விட்டு வைக்கின்றனர். காடும் நிற்கிறது, பிழைப்பும் நடக்கிறது. சிலாங்கூரின் வடபகுதியில் சுங்கை ஹாஜி டோரானியில் ஆய்வாளர்கள், கரைக்குச் சற்று அப்பால் தாழ்வான அலைதடுப்பு ஒன்றை அமைத்து, அதன் பின்னே நீர் அமைதியடைந்து சேறு படியும் இடத்தில் கன்று நட்டனர். எட்டு மாதங்களுக்குப் பின் எஞ்சியவை ஏறத்தாழ 30 விழுக்காடு. வெற்றியென்று கூத்தாடும் எண்ணன்று அது. கரை மீளும் என்பதற்குச் சான்று கூறும் எண். கல்லும் மரமும் அங்கே எதிரிகள் அல்லர். கல் சிறிதாக நின்று மரத்துக்கு இடம் கொடுத்தது.

மேக்கோங் ஆற்றின் கழிமுகத்தில் கல்லுக்கும் பதிலாக மூங்கில் வேலியும் சுள்ளிக் கட்டுகளும் பயன்பட்டன. வேலிக்குள் புகும் நீர் வேகமிழந்து சேற்றை விட்டுச் செல்லும். சேறு உயர்ந்த பின் கண்டல் தானே முளைக்கும். சாவாவின் டெமாக் கரையிலும் இம்முறையைக் கையாண்டனர். ஆயின் அங்கே மரம் துளைக்கும் கடற்புழு மூங்கிலைத் தின்றது. நிலத்தடி நீரை இறைத்ததால் நிலமே அமிழ்ந்தது. கிடைத்த பயனில் ஒரு பங்கு கைநழுவியது. இதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். மலிவான முறை என்றால் கவனிப்பு வேண்டாத முறை என்று பொருளன்று. கல்லுக்குச் செலவிடும் பணத்தில் சிறுபங்கைக் கண்காணிப்புக்குச் செலவிடும் முறை அது.

கண்டல் வளராத மணற்கரைக்கு என்ன செய்வது? அதற்கும் அண்டையிலேயே விடை இருக்கிறது. சிங்கப்பூர் 1966 முதல் கிழக்குக் கரையில் கடலைத் தூர்த்து நிலம் எடுத்தபோது, அந்தப் புதுக்கரை முழுவதற்கும் சுவர் எழுப்பவில்லை. இடைவெளி விட்டுச் சிறு முனைகளை அமைத்தனர். முனைகளுக்கிடையே அலையே மணலை வளைத்துப் பிறை வடிவான விரிகுடாக்களை உண்டாக்கியது. இயற்கை முனைகளுக்கிடையே காணப்படும் வடிவத்தைப் பார்த்துச் செய்த பொறியியல் அது. 1972-லேயே அதைப் பற்றி ஆய்வுரை வெளிவந்தது. அலையின் விருப்பத்தை அறிந்து அதற்கேற்ற கரையை அமைத்தால், குறைந்த கல்லில் நெடுங்கரை நிற்கும்.

நெதர்லாந்து நாட்டினர் சுவர் கட்டுவதில் உலகுக்கே ஆசிரியர். அவர்களே 1990-இல் தம் கரைக்கோட்டை மணலூட்டியே காப்பதென்று முடிவு செய்தனர். 2011-இல் ஓரிடத்தில் 2 கோடியே 15 இலட்சம் கன மீட்டர் மணலைக் குவித்து, காற்றும் அலையும் அதைப் பரப்பும்படி விட்டனர். சுவரின் ஆசிரியரே மணலுக்கு மாணாக்கராகி விட்டார். நம்மவர்க்கு இன்னும் சுவர்மோகம் தீரவில்லை.

நடுவிழா நடத்துவோர்

கல் கொட்டுவோரைக் கடிந்துவிட்டு மரம் நடுவோரை மட்டும் மாலையிட்டுப் போற்றினால் என் வாதம் நேர்மையற்றதாகும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தது. மலேசியாவில் 68 பேர் மாண்டனர். அதன் பின் கரையோரம் மரம் நடும் அரசுத் திட்டம் பிறந்தது, நல்ல திட்டமே. ஆனால் அதைத் தொடர்ந்து நடுவிழா என்னும் புதிய வழக்கமும் நாடெங்கும் பிறந்தது. ஒரே நிறச் சட்டை, முழங்கால் அளவு காலணி, கையில் கன்று, எதிரே படக்கருவி. நட்டவர் அன்றே திரும்பி விடுவர். கன்றோ அடுத்த உவா ஓதத்தில் திரும்பி விடும்.

பிலிப்பைன்சு நாட்டில் பெரும் பொருட்செலவில் நட்ட கண்டலில் 10 முதல் 20 விழுக்காடே பிழைத்தது என்று ஆய்ந்தோர் எழுதினர். காரணம் எளியது. கண்டல் வளரும் மேட்டுச் சேற்றில் மீன்குளங்கள் வந்துவிட்டன. எவருக்கும் உரிமையில்லாத தாழ்ந்த சேற்றில் கன்றை நட்டனர். அங்கே எந்நேரமும் நீர். எந்தக் கன்று மூச்சுவிடும்? நடுவதற்கு எளிதான இனத்தை நட்டனர். அவ்விடத்துக்கு உரிய இனத்தை நடவில்லை.

மரத்தை நடுவதைவிட, மரம் தானே முளைக்கும் நிலையை உண்டாக்குவது பெரிது. சேறு வர வேண்டும். நீரோட்டம் திறந்திருக்க வேண்டும். முளைத்ததை வெட்டாதிருக்க வேண்டும். கண்டற்காட்டை அடுத்த கரையில், காட்டின் கடல்முகத்திலிருந்து 400 மீட்டரும், மணற்கரையில் ஏற்ற மட்டத்திலிருந்து 60 மீட்டரும் விட்டே கட்டடம் எழுப்ப வேண்டும் என்னும் வழிகாட்டியை வடிகால், நீர்ப்பாசன இலாகா 1997-லேயே வகுத்தது. அகலமே அரண் என்பதை அரசின் பொறியாளர்களே அறிந்திருக்கின்றனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? அந்த 400 மீட்டரை ஒழுங்காகக் காத்திருந்தால் நடுவிழாக்களில் பாதிக்குத் தேவையே இராது.

செலவுக் கணக்கு

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். கடல்மட்டம் உயர்ந்துகொண்டே போகிறது. 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 செண்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. இனி வேகம் கூடும். இக்காலத்தில் களிமண்ணையும் கண்டலையும் நம்பலாமா என்பர். 2024-இல் வெளிவந்த சிங்கப்பூரின் கணிப்பு, இந்நூற்றாண்டு முடிவதற்குள் கடல் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது. அந்நாடு 2019-இல் கடற்காப்புக்காக நூறாண்டுகளில் 10,000 கோடி வெள்ளி தேவைப்படலாம் என்று அறிவித்தது. 2020-இல் 500 கோடியும், 2025-இல் மேலும் 500 கோடியும் அதற்கென ஒதுக்கியது. கிழக்குக் கரைக்கப்பால் 800 எக்டர் அளவில் 'நீள் தீவு' ஒன்றை எழுப்பும் எண்ணத்தையும் 2023-இல் வெளியிட்டது.

செல்வம் படைத்த சிறிய நாடு; பின்வாங்க நிலம் இல்லாத நாடு. அதன் திட்டத்தைக் குறை கூற எனக்கு எண்ணமில்லை. ஆனால் அந்தச் சிங்கப்பூரே தெக்கோங் தீவின் வடகிழக்குக் கரையில் அரிப்பைத் தடுக்க, மக்கும் பைகளில் சேறு நிரப்பிக் கற்களோடு அடுக்கிக் கண்டல் கன்றுகளை நட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பணம் உள்ளவனும் இயற்கையின் கையைப் பற்றிக்கொள்கிறான். பணம் இல்லாதவனுக்கு அந்தக் கையை விட்டால் வேறு கை ஏது?

கடல் உயர உயர மண்ணணையையும் உயர்த்தத்தான் வேண்டும். ஆற்றுவழி வரும் சேறு தடைப்படாத இடத்தில் கண்டற்காடும் சேற்றைப் பிடித்துத் தன் தரையை உயர்த்திக்கொள்ளும். எந்தக் கற்சுவர் தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளும்? எனவே செலவுக் கணக்கைக் கட்டும் நாளோடு முடிக்காதீர். முப்பது ஆண்டுகளின் பழுதுபார்ப்பையும், சுவரால் அரியும் அடுத்த ஊரின் இழப்பையும், மறைந்துபோன மீனையும் நண்டையும் சிப்பியையும் சேர்த்து எழுதுக. அதன் பின் எது மலிவு, எது விலையுயர்ந்தது என்று பார்ப்போம்.

கணக்கில் மற்றொரு வஞ்சமும் உண்டு. காப்பின் பயனை அளப்பவர், காக்கப்படும் சொத்தின் சந்தை விலையைக் கொண்டு அளக்கின்றனர். தங்கும் விடுதிக்கு விலையுண்டு, லயத்துக்கு விலையில்லை. பட்டா உள்ள நிலத்துக்கு விலையுண்டு. மூன்று தலைமுறை வாழ்ந்தும் பட்டா இல்லாதவனின் குடிசைக்கு விலையில்லை. ஆகவே செல்வர் கரைக்குச் செலவு 'தகும்' என்றும், எளியவர் கரைக்குத் 'தகாது' என்றும் விடை வருகிறது. கூட்டலில் பிழையில்லை; எதைக் கூட்டினார்கள் என்பதில்தான் பிழை. 'ஏற்கத்தக்க அரிப்பு' பிறந்த தொட்டில் இதுவே.

நாம் கேட்பது

அறிக்கைகளில் அச்சொல் எங்கெல்லாம் எஞ்சி நிற்கிறதோ அங்கெல்லாம் அதை அடித்துவிட்டுக் 'காப்பு இன்னும் கிடைக்காத கரை' என்று உள்ளதை உள்ளபடி எழுதுக. மூன்று வகையும் இருக்கட்டும். மூன்றாம் வகைக்குப் பெயர் மட்டுமாவது மனிதத் தன்மையோடு இருக்கட்டும்.

ஒவ்வொரு கடலணைக்கும் கட்டுமானச் செலவோடு பராமரிப்புச் செலவையும் ஒதுக்குக. அதை வேறு எதற்கும் மாற்றாதிருக்கச் சட்டம் செய்க. அணையோரம் வாழ்பவர்களையே மாதச் சம்பளத்துக்குக் கரைக்காவலராக அமர்த்துக. நண்டு வளையை வானத்திலிருந்து எடுத்த படம் காட்டாது. காலையில் நடப்பவனின் கால் காட்டும்.

400 மீட்டரும் 60 மீட்டரும் வழிகாட்டியாக இருந்தது போதும். அவை மீற முடியாத விதியாகட்டும்.

மணலின் வழியை மறித்துக் கட்டுவோர், தடைப்பட்ட மணலை ஆண்டுதோறும் அள்ளி மறுபக்கம் சேர்க்கும் செலவையும் தாமே ஏற்கட்டும். ஆற்றுமணலை அள்ளி விற்போருக்கும் இது பொருந்தும். ஆறு கொண்டுவராத மணலைக் கடல் எங்கிருந்து கரைக்குக் கொடுக்கும்?

நடுவிழாவுக்குச் செலவிடுவோர் ஐந்தாண்டு கழித்து அதே இடத்தில் எண்ணும் விழாவும் நடத்தட்டும். எத்தனை மரம் நிற்கிறது என்பதை அன்று செய்தித்தாளில் போடுக.

இலக்கியம் படைக்கும் சங்கத்தின் தொகுப்பில் அணையும் சேறும் எதற்கு என்று வினவும் அன்பர்க்கு ஒன்று சொல்வேன். நிலத்தை ஐந்தாகப் பகுத்த நம் முன்னோர், கடலும் கடல் சார்ந்த இடமும் ஆகிய நெய்தலைக் கைவிட்டு நான்கோடு நிறுத்தவில்லை. உப்பு விளைப்போரும் மீன் பிடிப்போரும் அவர்கள் பாட்டில் மனிதராகவே நிற்கின்றனர். கழியைச் சூழ்ந்து வேலியாய் நின்ற கண்டலையும் அப்புலவர்கள் பாடினர். இந்த மண்ணுக்கு வந்த நம் பாட்டனார் பலர் அதே கண்டலின் பின்னே சேற்றில் இறங்கி, வடிகால் வெட்டி, அணை கட்டி, கடலிடமிருந்து நிலத்தை மீட்டனர். அவர்கள் பெயர் எந்த அணையிலும் பொறிக்கப்படவில்லை. அவர்கள் காத்த நிலத்தின் மேல் எழுந்த செல்வம் மட்டும் எல்லாக் கணக்கிலும் ஏறியிருக்கிறது.

அத்தகைய கரை ஒன்றில் இன்றும் ஒரு கிழவி விளக்கேற்றிவிட்டு, இன்று தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று வாசலில் நின்று பார்க்கிறாள். அவள் வாசல் அரிவது ஏற்கத்தக்கது என்று எழுதியவர், ஒரு பெருவேற்றத்தின் இரவில் அவ்வாசலில் வந்து நின்று அதே சொல்லை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். சொல்ல நா எழாதாயின், அறிக்கையிலும் அதை எழுத வேண்டா.